அறுபது ஓவர்சைஸ்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே வெக்கை. மதியம் தாண்டியும் கடற்காற்று ஏறவில்லை. கிளினிக்கில் கூட்டம். எக்ஸ்ரேவுக்கு நின்றவர்களில் பாதிப்பேருக்கு இருமல். "மூச்ச இழுத்துப் புடிங்க, விடாதீங்க, விடாதீங்க... இப்ப விடுங்க." இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுவிட்டது.

வாங்க வேண்டியது: அத்தைக்கு பிரஷர் மாத்திரை. பினாயில். ஸ்கூட்டிக்கு இன்ஷூரன்ஸ் (யார் ஓட்டுகிறார்கள் அதை?).

திரும்பி வரும்போது மரப்பாலம் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாம்மா, கொசு மருந்தா அடிக்கிற?" என்றார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற பஸ்ஸே தெரியவில்லை. அவ்வளவு நீலப் புகை. சைலன்சர் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு.

சந்துக்குள் நுழைந்ததும் வழக்கம் போல அத்தையின் குரல் உள்ளேயிருந்து.

"வந்துட்டான். தட்டு வை."

வந்தது நான். வண்டி மட்டும் பெர்னாருடையது. மூன்று தட்டு வைத்தேன். இரண்டு பேர் சாப்பிட்டோம். மூன்றாவதைக் கழுவிக் கவிழ்த்தேன்.

இதுவரை இதை இங்கே எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பெர்னார் போய் அடுத்த மாதம் ஒரு வருடம். கடலூரில் வேலை முடிந்து வரும் வழியில், நோணாங்குப்பம் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சு அடைத்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, பெட்ரோல் குழாயைக்கூட மூடிவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. வண்டியில் ஒரு கீறல் இல்லை. பெட்ரோல் குழாயை மூடத் தோன்றிய மனிதருக்கு எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. இதை நினைக்காத நாள் இல்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அத்தைக்கு லேசான ஸ்ட்ரோக். கையும் காலும் திரும்பி வந்தன. நினைவு வரும், போகும், வற்புறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். மகன் போனது நினைவில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. சோறு இறங்கவில்லை. ஒருநாள், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று அவருடைய புல்லட்டை எடுத்து பீச் வரை ஒரு சுற்று போய் வந்தேன். சத்தம் கேட்டு அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டான்." அன்று வயிறாரச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து வேலைக்கு இதில்தான் போகிறேன்.

அவன் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. சத்தம் போதும் அவருக்கு.

ஜூலை 9, செவ்வாய்

மரப்பாலம் தாண்டி வண்டி செத்துவிட்டது. முதலியார்பேட்டை பாலு கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். புல்லட்டைத் தள்ளும் பெண்ணுக்கு உதவ வந்தவர்கள் இரண்டு பேர். போட்டோ எடுத்தவர்கள் அதைவிட அதிகம்.

பாலு, பெர்னாரின் மெக்கானிக். பாகூர் பக்கம் ஊர். என்னை அக்கா என்பான், அவரை அண்ணன் என்பான். பிளக்கைக் கழற்றிக் காட்டினான். கரி, எண்ணெய்.

"இனிமே இத ஓட்டாதீங்கக்கா. சிலிண்டர் தேஞ்சு போயிட்டுது. ரிங்கு புடிக்கல. ஆயில் மேல ஏறி எரியுது. ஒருநாளு நடுரோட்டுல ஜாமாயி ஒங்கள தூக்கிப் போடும்."

"என்ன பண்ணலாம்?"

"போர் போடணும். சிலிண்டர உள்ள சீவி அகலமாக்கி, அதுக்குத் தக்கன பெரிய பிஸ்டன் போடணும். கம்பெனில வரும்போது ஸ்டாண்டர்ட். அப்பறம் இருபது ஓவர்சைஸ், நாப்பது ஓவர்சைஸ். இது இப்ப நாப்பதுல இருக்குது. அடுத்து அறுபது. அதான் கடைசி. அதுக்கு மேல சீவ இரும்பு இல்ல."

"பிஸ்டன் கிடைக்குமா?"

என்னை ஒருமாதிரி பார்த்தான். "அண்ணன் வாங்கி வெச்சிருந்தாரே. போன வருஷம். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

பிளக்கைத் துடைத்துப் போட்டான். இன்னும் ஓரிரு நாள் ஓடும் என்றான். புறப்படும்போது கேட்டேன். "பெரிய பிஸ்டன் போட்டா சத்தம் மாறுமா?"

"மாறாம? இப்ப பிஸ்டன் லூசா உள்ள ஆடுது. அந்தக் கடகட போயிடும். கனமா, கெட்டியா வரும். புக்குல 346 சிசின்னு இருக்கும், உள்ள 361. நல்லாத்தான இருக்கும்?"

நல்லாத்தான் இருக்கும் என்றேன்.

ஜூலை 10, புதன்

இருந்தது. பீரோ மேல்தட்டில். நாத்தனார் மோனிக் பாரிஸிலிருந்து அனுப்பிய கம்பளி ஸ்வெட்டருக்கு அடியில். இந்த ஊரில் அதை யார் எடுப்பார்கள் என்று தெரிந்துதான் அங்கே வைத்திருக்கிறார். வேண்டாத செலவு என்று நான் திட்டுவேனே.

எண்ணெய்த்தாளில் சுற்றிய பிஸ்டன். கையில் எடுத்தால் கனமே இல்லை, அலுமினியம். தலையில் 60 என்று குத்தியிருக்கிறது. ரிங்குகள் தனி உறையில். பிஸ்டன் ஒரு சின்னக் குழந்தையின் தலை அளவு. (இப்படி ஏன் தோன்றியது.)

மோனிக்குக்கு போன் செய்தேன். அவர் தங்கை, எனக்குச் சின்னவள். "வித்துடுங்க அண்ணி. ஒங்களையும் அது விடமாட்டேங்குது."

"அத்தை சாப்பிட மாட்டாங்க."

"சத்தத்த போன்ல புடிச்சு வெச்சுக்கங்க. தெனம் சாயங்காலம் போட்டு உடுங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சந்து முனையிலிருந்து வாசல் வரை ஓட்டி, போனை மதில் மேல் வைத்துப் பதிவு செய்தேன். எதிர்வீட்டு ரொசாலி அக்கா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம் என்று நினைத்திருப்பார்.

ஜூலை 11, வியாழன்

லீவு போட்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். பாலு டேங்கை இறக்கினான், ஹெட்டைக் கழற்றினான், சிலிண்டரை மேலே உருவினான். பழைய பிஸ்டன் தண்டின் மேல் தனியாக நின்றது, கறுத்துப்போய். உடம்புக்குள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கிற வேலைதான் எனக்கு. ஆனாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நெடுக்கக் கோடு கோடாகக் கீறல். விரலை உள்ளே விடச் சொன்னான். மேல் ஓரத்தில் ஒரு வரம்பு தட்டுப்பட்டது. பிஸ்டன் அதுவரை வந்து வந்து திரும்பியிருக்கிறது. வரம்புக்கு மேலே தேயாத பழைய இரும்பு, கீழே தேய்ந்தது. அவர் ஓட்டியதெல்லாம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது, அத்தையை வேளாங்கண்ணிக்கு ஏற்றிப் போனது, கடைசியாகக் கடலூர் போனது. விரலை எடுக்க மனம் வரவில்லை. பாலு வேறு எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் போய்விட்டான்.

வாங்கித் தர வேண்டியது: ஹெட் கேஸ்கெட், அடி கேஸ்கெட், ஆயில், புது பிளக்.

பஸ்ஸில் வீடு.

ஜூலை 12, வெள்ளி

சர்ச்சில் சாயங்கால மணி அடித்ததும் வாசலுக்கு வெளியே நின்று போனில் சத்தத்தைப் போட்டேன். முழு வால்யூம்.

அத்தை வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"இன்னாடி அது, போன்ல?"

"ஒண்ணுமில்ல அத்தை. ஏதோ வீடியோ."

"நிறுத்து. காது அடைக்குது."

உள்ளே போய்விட்டார். நான் திருடனைப்போல நின்றேன். அழித்துவிட்டேன் அதை.

பிறகு நான் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். சந்து அமைதி. கூடத்திலிருந்து அத்தையின் குரல், எப்போதும் போல, அவசரமில்லாமல்.

"வந்துட்டான். தட்டு வை."

எட்டிப் பார்த்தேன். கேட் சாத்தியிருந்தது. சந்தில் ஒரு வண்டியும் இல்லை. கேட்டுக்கு வெளியே எப்போதும் படுத்திருக்கும் தெருநாய் மட்டும் தலையைத் தூக்கி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலை இரண்டு தரம் தரையில் தட்டியது. பிறகு படுத்துக்கொண்டது.

மூன்று தட்டு வைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

பிரெஞ்சு தேசிய நாள். காலையில் பீச்சில் பேண்டு வாத்தியம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமா, உயிரோடு இருந்தவரை மெடலெல்லாம் குத்திக்கொண்டு அணிவகுப்பில் போய் நிற்பார். சொல்தா (பட்டாளக்காரர்) வீடு என்றால்தான் இந்தச் சந்தில் இன்னமும் எங்கள் வீட்டைத் தெரியும். அத்தை மாமாவின் படத்தைத் துடைத்து வைத்தார். பக்கத்தில் பெர்னாரின் படம் இல்லை. நான்தான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன், அவர் கண்ணில் படக்கூடாதென்று. துடைத்த துணியை அந்தக் காலி ஆணியின் மேலும் ஒரு தரம் ஓட்டினார். சுவரைத்தான் துடைத்திருப்பார்.

நேற்றும் இன்றும் அதேதான். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில். "வந்துட்டான்."

பழக்கம், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மூளைக்கு ஒரு நேரம் பழகிவிட்டால் அது தானே சத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். கால் எடுத்தவர்களுக்கு இல்லாத காலில் வலிக்கிறது, தினம் பார்க்கிறேன். இதுவும் அப்படித்தான்.

நாய்க்கு?

ஜூலை 16, செவ்வாய்

ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போனேன், பாலுவோடு, அவன் வண்டியில். போரிங் கடை. தகரக் கூரை, உள்ளே மாவு மில் மாதிரி சத்தம். கடைக்காரர் வெள்ளை பனியன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். புதுப் பிஸ்டனை வாங்கி அளந்தார், சிலிண்டரை அளந்தார். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு, வட்டமும் வட்டமாக இல்லையாம்.

"யாரும்மா ஓட்டறது?"

"நான்தான்."

"முன்னாடி?"

"வீட்டுக்காரர்."

தலையாட்டினார். சிலிண்டரை மெஷினில் வைத்து முறுக்கினார். கத்தியை உள்ளே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "எடுத்துட்டா திரும்ப வராது. மனசு மாத்திக்கிறதுன்னா இப்பவே சொல்லிடு."

அவர் எல்லாரிடமும் சொல்வதாக இருக்கும். அந்த வரம்பு போய்விடும். கோடுகள் போய்விடும். அவர் தேய்த்ததெல்லாம் போய் அதன் அடியில் யாரும் தொடாத இரும்பு வரும். பாலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்டனை வாங்கி ஒளித்துவைத்த மனிதரை நினைத்துக்கொண்டேன். இதைச் செய்ய ஆசைப்பட்டவரே அவர்தானே.

"எடுங்க."

சுருள் சுருளாக வரும் என்று நினைத்திருந்தேன். வார்ப்பிரும்பு அப்படி வராதாம். கறுப்புத் தூளாகக் கொட்டியது, காப்பித்தூள் மாதிரி. மெஷின் மேஜையில் குவிந்ததை ஒரு பிரஷால் தள்ளித் தகர டப்பாவில் போட்டார். அந்த டப்பாவில் ஏற்கெனவே வேறு யார் யாருடையதோ இருந்தது.

கடைசியில் உள்ளே கல் விட்டு உரசினார். குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கோடுகள். எண்ணெய் நிற்பதற்காம். கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். புது வலை மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தேன். மூக்குக்குள் இரும்பு வாசனை போகவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துணி நனைந்துவிடும் என்று மாடிக்குப் போனேன். சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்தது. முதல் சட்டையின் கிளிப்பைக் கழற்றும்போது கேட்டது.

தூரத்தில், உப்பளம் ரோட்டில். டப், டப், டப். அதற்குள்ளே அந்தக் கடகட. தேய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ஆடுகிற சத்தம். எனக்கு அது தெரியும், ஒரு வருடமாக என் காலுக்கிடையில் கேட்ட சத்தம். திருப்பத்தில் கியர் குறைந்தது. சந்து முனைக்கு வந்ததும் இன்ஜின் நின்றது.

அதன் பிறகு டயர் மட்டும். மண்ணில் டயர் உருளும் சத்தம், கிட்டே, கிட்டே, நம் வாசலில் வந்து நின்றது.

நான் அப்படி வருவதில்லை. நான் வாசல் வரை இன்ஜினோடு வருவேன். முனையிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவது அவர்தான். அத்தை கண் அயர்ந்திருந்தால் எழுந்துவிடக் கூடாதென்று.

கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தால் வாசல் தெரியும். மூன்று அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. பார்த்து, அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்? பார்த்து, அங்கே இருந்துவிட்டால்?

கீழே அத்தை: "வந்துட்டான். தட்டு வை, எமிலி."

துணியை எடுக்காமலே இறங்கினேன். வாசலில் யாரும் இல்லை. பெட்ரோல் வாசனை இருந்ததா? இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

பாலுவுக்கு போன். "வண்டி அங்கதான இருக்கு?"

"இங்கதான்க்கா. சிலிண்டர் இல்லாம மொட்டையா நிக்குது. ஏன்?"

"சும்மா."

உப்பளத்தில் வேறு பழைய புல்லட்டே இல்லையா? நாலைந்து இருக்கும்.

துணியெல்லாம் நனைந்துவிட்டது.

ஜூலை 20, சனி

கிளினிக்கிலிருந்து ஆட்டோ பிடித்து முன்னாலேயே வந்து மாடியில் நின்றேன். மணி அடித்தது. பால்காரர். ஒரு ஸ்கூட்டர். பந்து விளையாடும் பிள்ளைகள். கேட்கவில்லை.

கீழே அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டு வைக்கும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தை கவனிக்காததுபோல மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, புதன்

வண்டி தயார்.

மத்தியானம் பாலு கூப்பிட்டான். போனேன். டேங்கெல்லாம் துடைத்து நிறுத்தியிருந்தான். "மொத ஒதை நீங்கதான் குடுக்கணும்."

ஹெட்லைட் மேல் இருக்கும் அம்பியர் முள் நடுவுக்கு வந்ததும் உதைத்தேன். கிக்கர் பாதியில் நின்றுவிட்டது. முன்னெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். இப்போது உள்ளே யாரோ தாங்கிப் பிடிக்கிறார்கள். மறுபடி. திருப்பி அடித்தது, கணுக்காலில் சுரீர் என்றது. பாலு பதறினான். "ஒடம்பு பூராத்தையும் போட்டு ஒதைங்க. கம்ப்ரஷன் இப்ப முழுசா இருக்குது."

மூன்றாவது உதையில் பிடித்தது.

கனமான சத்தம். கடகட இல்லை. புகை இல்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, தெளிவாக. பாலு சிரித்தான். கடைக்கு வந்திருந்த ஒருவர் "செம்மயா இருக்குது" என்றார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அது எனக்குத் தெரியாத வண்டி.

பாலு சொன்னவை: ஐந்நூறு கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டக் கூடாது. ஒரேயடியாக ஓட்டக் கூடாது, நடுவில் நிறுத்தி ஆற விட வேண்டும். கொஞ்சம் ஓடியதும் ஒருதரம் கொண்டுவந்து ஹெட் போல்ட் இறுக்கி ஆயில் மாற்ற வேண்டும்.

சாயங்காலம் சந்துக்குள் நுழைந்தேன். வாசல் வரை இன்ஜினோடு. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அத்தையே கேட் வரை வந்தார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீயா, எமிலி? சத்தம் நல்லாருக்குது."

பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்தேன். அத்தை ஒன்றை எடுத்துக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கை இன்னும் அதிர்கிறது, வண்டி ஓட்டியதால். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

காலைப் பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ரன்னிங்-இன்னுக்காக, புதுப் பிஸ்டன் பழகுவதற்கு, எங்கேயாவது போய்வர வேண்டும், திண்டிவனம் ரோடு நல்லது என்று சொன்னேன்.

"என்னயும் ஏத்திக்கினு போ."

"எங்க போகணும் அத்தை?"

"அவன் செத்த எடத்துக்கு."

அத்தையைப் பார்த்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடமாக நான் அந்த ரோட்டில் போனதில்லை. மரப்பாலத்தைத் தாண்டி பாலு கடைக்கு மேல் போனதில்லை. மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அவர் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டில் உட்கார்ந்து என் இடுப்பைச் சுற்றிக் கை. முதலியார்பேட்டை, அரியாங்குப்பம். முப்பத்தைந்துக்கு மேல் போகவில்லை. பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. இரண்டு பேர் ஏறியும் வண்டி திணறவில்லை. அரியாங்குப்பத்தில் நிறுத்தி ஆற விட்டேன். அத்தை கடையில் சோடா வாங்கிக் குடித்தார். நான் குடிக்கவில்லை.

பாலத்துக்கு முன்னால் அந்தக் கல். யாரோ திருமண போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அந்த இடம். பக்கத்தில் கருவேல முள். தள்ளி, காயலில் போட்ஹவுஸ் படகுகள், ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டேன். பெட்ரோல் குழாய்க்குக் கை போனது. மூடினேன். அப்போதுதான் தெரிந்தது, அது யோசித்துச் செய்வதில்லை, கை தானே போகிறது. அவருடைய கையும் தானே போயிருக்கிறது. என்னை நினைக்க நேரமில்லாமல் போயிருக்கலாம். இத்தனை நாள் அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே, அந்த வெயிலில், என்னைவிட்டு இறங்கியது.

அத்தை கல்லில் கை வைத்தார். உட்காரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டார். அவர் உதடு அசைவது நிற்கும்வரை காத்திருந்தேன்.

"எப்ப ஞாபகம் வந்துது அத்தை?"

"மறந்தாத்தான வர்றதுக்கு." பிறகு, "ஆஸ்பத்திரில கொஞ்ச நாளு ஒண்ணும் தெரியல. அப்பறம் தெரிஞ்சுது. இப்பவும் சில நாளு காலைல தெரியாது. மத்தியானம் தெரிஞ்சுடும். அதுதான் கஷ்டம், ஒவ்வொரு தரமும் புதுசா தெரியும்."

"அப்ப தெனம் வந்துட்டான் வந்துட்டான்னு சொன்னது?"

"நீ சோறே துண்ணல, எமிலி. குச்சியாட்டம் ஆயிட்ட. அன்னிக்கி வண்டிய எடுத்துக்கினு போயிட்டு வந்த. தூக்கக் கலக்கத்துல சத்தத்தக் கேட்டு வந்துட்டான்னுட்டேன், வாய் தவறி. உள்ள வந்தப்ப உன் மொகத்தப் பாத்தேன். அன்னிக்கித்தான் நீ ஒக்காந்து துண்ண. சரி, சொல்லிக்கினே இருப்போம்னு உட்டுட்டேன்."

"நான் உங்களுக்காக ஓட்டிக்கிட்டு இருந்தேன் அத்தை."

"தெரியும். பாவம்னுதான் நானும் சும்மா இருந்தேன். இப்ப சத்தம் வேறயா ஆயிட்டுது. இந்தச் சத்தத்துக்கு எப்பிடி வந்துட்டான்னு சொல்றது?"

சிரிப்பும் அழுகையுமாக வந்தது எனக்கு. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். மூக்கையும், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

அப்புறம்தான் உறைத்தது.

"வண்டி பாலு கடைல இருந்துதே. அப்பவும் சொன்னீங்களே. அதுவும் எனக்காகத்தானா?"

அத்தை காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது வேற."

"வேறன்னா?"

"நீ வாசல் வரிக்கும் சத்தத்தோட வருவ. அவன் முனையிலயே ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கினு வருவான். ஒரு வருஷமா வந்ததெல்லாம் நீ. வண்டி இல்லாத நாளுலதான் அவன் வந்தான்."

வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் ஒருநாள் கேட்டுது அத்தை."

"தெரியும். துணி எடுக்கப் போயி வெறுங்கையோட எறங்கி வந்த."

"பயமா இல்லையா?"

"பெத்த புள்ளைக்கு இன்னா பயம்?" புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வா, போலாம். வெயிலு ஏறுது. இன்ஜின் ஆறியிருக்கும்."

திரும்பும்போது அத்தை கன்னத்தை என் முதுகில் சாய்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பெர்னாரின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவரே மாட்டினார்.

சோறு, வஞ்சிரம் குழம்பு. இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 30, செவ்வாய்

லேசான தூறல். கிளினிக்கில் கூட்டம் குறைவு. பினாயில் இன்னும் வாங்கவில்லை.

பாலு போன் செய்தான். நாளைக் காலையில் வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்கிறான். ஹெட் போல்ட் இறுக்க, ஆயில் மாற்ற. டேப்பட்டும் பார்க்க வேண்டுமாம். நாளை மறுநாள்தான் கிடைக்கும்.

அத்தை முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சொன்னேன், நாளைக்கு வண்டி பாலு கடையில் இருக்கும், சாயங்காலம் பஸ்ஸில்தான் வருவேன் என்று.

ஒரு காம்பை முழுக்க உருவி முடித்தார். பழுத்த இலையைத் தனியே எடுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கி மணி அடிக்கறதுக்குள்ள சீக்கிரம் வந்துடு."